வயிறு நிறைந்தால் மட்டும் போதுமா?

(ஆத்தூரில் நடைபெற்ற உழவர் பயிற்சி முகாமில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மக்காச்சோளம் முளைத்து இரண்டு மூன்று வாரத்தில் குருத்து வெளுத்து நின்றால், வரப்பில் நின்றபடியே அதன் காரணத்தைச் சொல்லிவிடக் கூடியவர்கள் நீங்கள். "துத்தநாகம் போதவில்லை" என்பீர்கள். நிலக்கடலையில் இளம் இலை மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால், அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளிக்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஓர் ஏக்கர் மக்காச்சோளம் எடுத்துக்கொள்ளும் துத்தநாகத்தைக் கிராம் கணக்கில்தான் சொல்ல வேண்டும். கிலோக் கணக்கு வராது. ஆனால் அந்தச் சில கிராம் கிடைக்காவிட்டால், மூட்டை மூட்டையாக இட்ட யூரியாவுக்கும் பொட்டாஷுக்கும் முழுப் பலன் கிடைப்பதில்லை.

பயிருக்கு உள்ள இந்த நியதி மனித உடலுக்கும் உண்டு. நான் மருத்துவன் அல்லன்; பயிர் வளர்ப்பைப் பாடமாகச் சொல்பவன். ஆயினும், நாம் எதைப் பயிரிடுகிறோம் என்பதற்கும் நம் வீட்டில் யாருக்கு எந்தக் குறை வருகிறது என்பதற்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. ஆகவே இது உழவியலுக்கும் உரிய பொருள்தான்.

அளவில் சிறிது, வேலையில் பெரிது

மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றும் உடலுக்குப் பேரூட்டச் சத்துகள். வைட்டமின்களும், இரும்பு, துத்தநாகம், அயோடின் போன்ற தாதுக்களும் நுண்சத்துகள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, வயது வந்த பெண்ணுக்கு நாள் ஒன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச் சத்தும், ஆணுக்கு 19 மில்லிகிராமும் தேவை. அயோடின் இதைவிட மிகக் குறைவு. நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 150 மைக்ரோகிராம். எழுபது ஆண்டு வாழும் ஒருவருக்குத் தேவையான அயோடின் முழுவதையும் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டி நிரம்பாது. அந்தத் தேக்கரண்டி அளவு கிடைக்காமற் போனால் கழுத்தில் கழலை வரும். கருவில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும்.

சோறு குறைந்தால் வயிறு கேட்கிறது. இரும்பும் வைட்டமினும் குறைந்தால் வயிறு கேட்பதில்லை. மூன்று வேளையும் வயிறு நிறைய உண்பவருக்கும் இந்தக் குறை இருக்கலாம். அதனால்தான் இதை "மறைந்திருக்கும் பசி" என்கிறார்கள். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிலும் அப்படியே. பஞ்சம் இல்லாத, ரேஷன் கடையில் அரிசி தடையின்றிக் கிடைக்கும் மாநிலத்தின் நிலை இது.

கீழ் இலையும் குருத்து இலையும்

தழைச்சத்தும் மக்னீசியமும் குறைந்தால் பயிரில் எந்த இலை முதலில் பழுக்கிறது? கீழ் இலை. ஏனென்றால், இந்தச் சத்துகள் பயிருக்குள் இடம் பெயரக் கூடியவை. மண்ணில் கிடைக்காதபோது பயிர் தன் முதிர்ந்த இலையிலிருந்து சத்தை எடுத்து இளம் இலைக்கு அனுப்பிவிடுகிறது. மேலே பார்த்தால் பச்சை. கீழே குனிந்து பார்த்தால்தான் குறை தெரியும்.

குடும்பத்தில் தாய் அந்தக் கீழ் இலையைப் போன்றவள். கருவில் வளரும் குழந்தைக்கு இரும்பு தேவை. தாயின் சேமிப்பிலிருந்து அது செல்கிறது. எலும்பு வளரக் கால்சியம் தேவை. தாயின் உணவில் போதாவிட்டால் அவளுடைய எலும்பிலிருந்தே அது எடுக்கப்படுகிறது. பிறகு நல்ல உணவு கிடைத்தால் இந்த இழப்பு பெரும்பாலும் ஈடாகிவிடும். அது ஈடாகுமுன் அடுத்த கரு, அடுத்த பாலூட்டல் என்று தொடர்ந்தால், நாற்பது வயதில் மூட்டிலும் இடுப்பிலும் வலி, அறுபது வயதில் சிறு வழுக்கலில் இடுப்பெலும்பு முறிவு என்று அந்தக் கடன் வசூலாகக் கூடும். களையெடுப்பிலும் கிழங்கு உரிப்பிலும் நாள் முழுவதும் குனிந்து உழைக்கும் பெண் "உடம்பு அசதியாக இருக்கிறது" என்று சொன்னால், அதை வேலைக் களைப்பு என்று விட்டுவிட வேண்டாம். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழே.

இரும்பும் கால்சியமும் பயிருக்குள் எளிதில் இடம் பெயராதவை. அவை குறைந்தால் குருத்தில்தான் முதலில் தெரியும். குழந்தைகளிடமும் சில குறைகள் அப்படித்தான் நேரடியாகத் தாக்குகின்றன. கைக்குழந்தைப் பருவத்தில் இரும்புச் சத்து கடுமையாகக் குறைந்தவர்களை, மத்திய அமெரிக்காவில் உள்ள கோஸ்டா ரிக்கா நாட்டில் வாலிப வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். மருந்து கொடுத்து இரத்தத்தைச் சரிசெய்த பிறகும், அவர்களுடைய கற்கும் திறன் மற்றப் பிள்ளைகளுக்கு ஈடாக எழவில்லை.

துத்தநாகக் குறையைக் கண்டறிந்தவர் பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத். ஈரான் நாட்டின் ஷிராஸ் நகரில் 1958இல் அவரிடம் ஓர் இளைஞன் வந்தான். வயது 21, பார்வைக்குப் பத்து வயதுப் பையன். அவன் உணவு பெரும்பாலும் ரொட்டி. அதோடு களிமண் தின்னும் பழக்கம் வேறு. பிரசாத் தம் ஆய்வை எகிப்தில் தொடர்ந்து, அத்தகைய இளைஞர்களின் வளர்ச்சி நின்றதற்குத் துத்தநாகக் குறையே காரணம் என்று 1963இல் நிலைநாட்டினார். துத்தநாகம் கொடுத்தபோது அவர்கள் வளர்ந்தார்கள். நம் ஊரிலும் குழந்தைகள் மண் தின்பதையும், கர்ப்பிணிகள் பச்சரிசியும் சாம்பலும் தின்பதையும் பார்க்கிறோம். அடித்துத் திருத்த வேண்டிய கெட்ட பழக்கம் அல்ல அது. பல சமயம் இரும்புக் குறையின் அறிகுறி. மருத்துவரிடம் காட்ட வேண்டியது.

பயிரில் தூர் கட்டும் பருவம் தப்பிய பின் இடும் மேலுரம் தூரைக் கூட்டாது. மனித வாழ்விலும் கரு உண்டான நாள் முதல் குழந்தைக்கு இரண்டு வயது நிறையும் வரை உள்ள ஏறத்தாழ 1000 நாட்கள் அத்தகைய பருவம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல் கருவின் முதல் நான்கு வாரங்களுக்குள் மூடிவிடுகிறது. கர்ப்பம் என்று தாய்க்கே உறுதியாகத் தெரியாத காலம் அது. அப்போது ஃபோலிக் அமிலம் போதாவிட்டால் அந்தக் குழல் மூடாமல் போய், குழந்தை பிறவிக் குறையோடு பிறக்க நேரிடலாம். ஆகவே பெண்ணுக்குச் சத்துணவு கர்ப்பம் ஆன பிறகு தொடங்க வேண்டியதன்று. பள்ளிக்குப் போகும் வயதிலேயே தொடங்க வேண்டியது.

நம் மாநிலம் கண்ட பாடங்கள்

நுண்சத்து பற்றிய அறிவு வெளிநாட்டிலிருந்து மட்டும் வந்ததன்று. நீலகிரியில் உள்ள குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் 1918 முதல் உணவு ஆராய்ச்சி நடத்தினார். அந்த ஆய்வுக்கூடமே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று.

அக்காலத்தில் சென்னை மாகாணத்தின் வடக்கே, ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி என்ற நோய் பரவியிருந்தது. கால் மரத்துப் போகும், வீங்கும், இதயம் பழுதாகி உயிர் போகும். அதே மாகாணத்தில், அதே போல் அரிசியையே உண்ட தமிழ் மாவட்டங்களில் அந்நோய் அரிது. வேறுபாடு எங்கே என்று பார்த்தார்கள். வடக்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி; இங்கே புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டுப் பகுதியில் உள்ள தயமின் என்ற வைட்டமின் அரிசியின் உட்பகுதிக்குச் சென்று தங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு மிஞ்சும். நம் முன்னோர் வைட்டமின் என்ற பெயரை அறியாமலே, அவித்த நெல்லின் மூலம் ஒரு கொடிய நோயைத் தள்ளி வைத்திருந்தார்கள். இன்று நாம் அரிசியை வெள்ளை வெளேர் என்று தீட்டி, நான்கு முறை கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால், அந்த நன்மையில் பெரும்பகுதியை நாமே இழக்கிறோம்.

இரண்டாவது பாடம் நமக்கு அடுத்துள்ள திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் கிடைத்தது. மருத்துவர் லட்சுமி ரஹ்மதுல்லாவும் அவருடைய குழுவினரும் அங்கே பள்ளி செல்லும் வயதை எட்டாத 15,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் ஓராண்டு ஆய்வு நடத்தினார்கள். ஒரு பகுதியினருக்கு வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ கொடுக்கப்பட்டது. பெரிய அளவன்று, கீரை, பால், முட்டை, மஞ்சள் நிறக் கனிகள் ஆகியவற்றை ஒழுங்காக உண்டால் கிடைக்கக் கூடிய அளவுதான். 1990இல் முடிவு வெளியாயிற்று. வைட்டமின் பெற்ற குழந்தைகளிடையே இறப்பு மற்றவர்களைவிடப் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது.

அதுவரை வைட்டமின் ஏ என்றால் மாலைக்கண் நோய்க்கு மருந்து என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். அது உடலின் உட்தோலையும் நோய் எதிர்ப்புச் சக்தியையும் காப்பது. அது குறைந்த குழந்தைக்குச் சாதாரண வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் உயிரைப் பறிக்கும் நோய்களாகிவிடுகின்றன. அப்படிப் போகும் குழந்தையைப் பற்றி "பேதியில் போய்விட்டது" என்றுதான் ஊர் சொல்லும். கீரை இல்லாமல் போனது என்று யாரும் சொல்வதில்லை.

குச்சிக் கிழங்கும் நம் சமையலறையும்

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கீழை நாடுகளிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது, 1940களில் சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் தொடங்கியது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி, பெத்தநாயக்கன்பாளையம் பகுதிகளில் குச்சிக் கிழங்கு பல குடும்பங்களைக் காப்பாற்றிய பயிர். வறட்சி தாங்கும், கையில் மொத்தமாகக் காசு தரும். ஏத்தாப்பூரில் நம் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆகவே கிழங்கைக் கைவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை.

நான் சொல்ல வருவது வேறு. ஆலைக்குப் போகும் கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, நீரில் கரைத்து, திப்பியைச் சலித்து நீக்கி, மாவுப் பாலைத் தொட்டியில் தெளிய வைக்கிறார்கள். வெண்மையான மாவு அடியில் தங்குகிறது. நீரில் கரையும் சத்துகள் கழிவு நீரோடு போகின்றன. மிஞ்சும் ஜவ்வரிசியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு அருகில் மாவுச்சத்து. புரதம் 100 கிராமுக்கு அரை கிராம்கூட இல்லை. காய்ச்சல்காரருக்கும் விரதக்காரருக்கும் அது எளிய உணவு. வளரும் பிள்ளைக்கு அதுவே உணவாகாது.

அந்தக் கிழங்கு நின்ற நிலத்தில் முன்பு என்ன இருந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். கேழ்வரகு, கம்பு, சோளம், ஊடே துவரை, மொச்சை, தட்டைப்பயறு, வரப்பில் ஆமணக்கு, களையோடு களையாகப் பண்ணைக்கீரை, பருப்புக்கீரை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் சுமார் 10 மில்லிகிராம்தான். களிக்குப் பதில் சோறு வந்தபோது கௌரவம் கூடியது; கால்சியம் முப்பதில் ஒரு பங்காகக் குறைந்தது. களைக்கொல்லி வந்தபோது கூலி மிச்சமானது. காசில்லாமல் கிடைத்த கீரையும் மறைந்தது.

கொல்லிமலையிலும் இதே கதைதான். சாமையும் திணையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகள் பலவற்றில் மரவள்ளி ஏறியது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்குள்ள உழவர்களோடு சேர்ந்து சிறுதானியங்களை மீட்கும் பணியில் ஈடுபட்டது. சாமை மறைந்ததற்கு விலை மட்டும் காரணமன்று. உரலில் இட்டு உமி நீக்குவதில் பெண்களுக்கு இருந்த சிரமமும் ஒரு காரணம் என்று அங்கே தெரியவந்தது. அதனால் ஊருக்குள் உமி நீக்கும் இயந்திரங்கள் வைக்கப்பட்டன. சத்துள்ள உணவு வேண்டும் என்று சொல்வது எளிது. அதைச் சமைப்பவருடைய உழைப்பையும் குறைத்தால்தான் அது அடுப்புக்கு வரும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆலைக்கென்று வளர்க்கும் கசப்பு ரகக் கிழங்குகளில் சயனைடு தரும் பொருள் மிகுதி. தோலில் இன்னும் மிகுதி. வீட்டில் உண்ண இனிப்பு ரகத்தையே வைத்துக்கொள்ளுங்கள். தோலை நன்றாக உரித்து, சிறு துண்டுகளாக வெட்டி, நிறைய நீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, நீரை வடித்துவிடுங்கள். உடலில் சேரும் சிறிதளவு சயனைடைத் தயோசயனேட் என்ற பொருளாக மாற்றி உடல் வெளியேற்றுகிறது. அதற்குப் புரதத்திலிருந்து கிடைக்கும் கந்தகம் வேண்டும். அந்தத் தயோசயனேட்டோ, கழுத்துச் சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கக் கூடியது. ஆகவே கிழங்கு உண்ணும் வீட்டில் பருப்பும் அயோடின் உப்பும் கட்டாயம் இருக்க வேண்டும்.

பயிர் சொல்லாத குறைகள்

"எங்கள் வயலில் பயிர் கருகருவென்று நிற்கிறது, அதில் விளைந்ததைத்தானே உண்கிறோம், பிறகென்ன குறை?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பயிருக்குத் தேவைப்படாத சில சத்துகள் மனிதருக்குத் தேவை. பயிருக்கு அயோடின் தேவையில்லை. மண்ணில் அயோடின் அறவே குறைந்திருந்தாலும் பயிர் செழித்து நிற்கும். உண்பவருக்குத்தான் கழலை வரும். இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956 முதல் மருத்துவர் ராமலிங்கசுவாமி குழுவினர் அயோடின் சேர்த்த உப்பை மக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கழலை வெகுவாகக் குறைந்தது. அதன் அடிப்படையில் 1962இல் தேசியக் கழலை நோய்த் தடுப்புத் திட்டம் தொடங்கியது.

வைட்டமின் பி12 அதேபோல் இன்னொன்று. தானியத்திலும் காயிலும் கீரையிலும் அது கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், கருவாடு, இறைச்சி ஆகியவற்றில்தான் உண்டு. அது குறைந்தால் கை கால் மதமதப்பு, எரிச்சல், மறதி, தள்ளாட்டம் என்று ஆண்டுக் கணக்கில் மெல்ல வளரும். "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடுவோம். காலம் தாழ்ந்தால் நரம்பில் ஏற்பட்ட சேதம் முழுவதும் திரும்பாது. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு இந்தக் குறை வர வாய்ப்பு அதிகம். மருத்துவரிடம் கேட்டுப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். புனேயை அடுத்த கிராமங்களில் 1993இல் தொடங்கிய ஓர் ஆய்வில், கர்ப்ப காலத்தில் பி12 குறைந்தும் ஃபோலேட் மிகுந்தும் இருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு, ஆறு வயதிலேயே உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை கூடுதலாகக் காணப்பட்டது. தாயின் அன்றைய உணவு, பிள்ளையின் நாளைய சர்க்கரை நோய் வரை நீள்கிறது.

வயலுக்கு இட்டால் வீட்டுக்கு வருமா?

தமிழ்நாட்டில் பரிசோதித்த மண் மாதிரிகளில் பாதிக்கும் மேற்பட்டவை துத்தநாகம் குறைந்தவை. மண் பரிசோதனையின்படி ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் இடுகிறோம். விளைச்சல் கூடுகிறது. தானியத்திலும் துத்தநாகம் ஓரளவு கூடும். கதிர் வந்த பின் 0.5 சதவீதக் கரைசலை இலை வழியாகத் தெளித்தால் இன்னும் கூடுவது, துருக்கி முதலிய நாடுகளில் கோதுமையில் செய்த ஆய்வுகளில் தெரிந்துள்ளது. இரும்பு அப்படியன்று, வயலில் எவ்வளவு இட்டாலும் தானியத்தில் அதிகம் ஏறுவதில்லை. அதற்கு ரகத்தை மாற்ற வேண்டும். 2014இல் நாடு முழுவதற்குமாக வெளியிடப்பட்ட தனசக்தி கம்பு, இரும்புச் சத்து மிகுந்த அத்தகைய ரகம்.

ஆனால் விளைந்தது எல்லாம் ஆலைக்கும் கோழித் தீவனத்துக்கும் போய்விட்டால், வயலுக்கு இட்ட சத்து வீட்டுக்கு வருவதில்லை. ஆகவே உரக் கணக்கு எழுதும்போது அடுப்புக் கணக்கையும் சேர்த்து எழுத வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. கிணற்றடியிலோ வீட்டுக் கொல்லையிலோ 5 சென்ட் நிலத்தை வீட்டுக்கென்று ஒதுக்குங்கள். இரண்டு முருங்கை, ஓர் அகத்தி, ஒரு பப்பாளி, ஒரு கொய்யா, ஓர் எலுமிச்சை. மீதி இடத்தில் அரைக்கீரை, சிறுகீரை, அவரை, பூசணி. குளித்த நீர் பாய்ந்தாலே பாதி வேலை முடிந்தது. களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ தெளித்த வயலில் கீரை பறிக்காதீர்கள்.

2. மரவள்ளி நட்ட முதல் இரண்டு மாதம் வரிசைகளுக்கு இடையே வெயில் வீணாகிறது. அதில் உளுந்து அல்லது தட்டைப்பயற்றை ஊடுபயிராக இடுங்கள். அந்தப் பயறு முழுவதையும் விற்றுவிடாமல், ஆண்டுக்குத் தேவையானதை முதலில் வீட்டுக்கு எடுத்து வையுங்கள்.

3. கால் ஏக்கராவது கேழ்வரகு போடுங்கள். முளைகட்டி உலர்த்தி அரைத்தால், சத்தைப் பிடித்து வைக்கும் பைட்டேட் குறைந்து, இரும்பும் துத்தநாகமும் உடலில் நன்றாகச் சேரும். இட்லி மாவு போலப் புளிக்க வைப்பதாலும் அதே நன்மை உண்டு.

4. கீரை, பருப்பு உண்ணும்போது எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா இவற்றில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்; வைட்டமின் சி இரும்பை உடலில் சேர்க்கும். சாப்பிட்டவுடன் தேநீர், காபி வேண்டாம். அவை இரும்பைத் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

5. நாமக்கல் முட்டை லாரி லாரியாக வெளியூர் போகிறது. நம் வீட்டுக் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் நாளுக்கு ஒரு முட்டை தவறக் கூடாது. முட்டை உண்ணாத வீடுகளில் பாலும் தயிரும் கட்டாயம். கறந்த பால் முழுவதையும் சங்கத்துக்கு ஊற்றிவிட வேண்டாம்.

6. அயோடின் உப்பையே வாங்குங்கள். பையின் மேல் சிரிக்கும் சூரியன் முத்திரை இருக்கும். மூடிய பாத்திரத்தில் வையுங்கள்.

7. வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒன்றாகக் கொடுக்கும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரையையும், கர்ப்பிணிகளுக்கு நாள் ஒன்றாகக் கொடுக்கும் சிவப்பு மாத்திரையையும் தவறாமல் உட்கொள்ளச் செய்யுங்கள். குழந்தைக்கு ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ சொட்டு மருந்து கொடுக்கப்படுகிறது. எந்தத் தவணையையும் விடாதீர்கள்.

8. வெறுங்காலோடு ஈர மண்ணில் நடக்கும்போது கொக்கிப்புழு தோல் வழியே நுழைந்து, குடலில் தங்கி இரத்தம் குடிக்கிறது. எவ்வளவு கீரை உண்டாலும் அது ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்தான். செருப்பு, கழிப்பறை, ஆண்டுக்கு இருமுறை குடற்புழு மாத்திரை மூன்றும் வேண்டும்.

சில ஐயங்கள்

"இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கிறதே?" என்று தாய்மார்கள் அஞ்சுகிறார்கள். கறுப்பது இயல்பு, தீங்கில்லை. குமட்டல் இருந்தால் இரவு உணவுக்குப் பின் எடுத்துக்கொள்ளலாம்.

"மாத்திரை சாப்பிட்டால் குழந்தை பெரிதாகிப் பிரசவம் கடினமாகும்" என்ற பேச்சும் உண்டு. அது தவறு. உண்மையான ஆபத்து இரத்தசோகையில்தான் இருக்கிறது. பிரசவத்தில் போகும் இரத்தத்தை, ஏற்கெனவே இரத்தம் குறைந்த உடல் தாங்காது. அங்கே போவது உயிர்.

"மாத்திரையே போதுமே, கீரை எதற்கு?" என்பார் சிலர். நடவு செய்தபின் குறை தெரிந்தால் இலைவழி தெளிக்கிறோம். அதற்காக அடியுரத்தை நிறுத்துவதில்லை. மாத்திரை இலைவழித் தெளிப்பைப் போன்றது, உணவே அடியுரம். அதுபோல, மருத்துவர் சொல்லாமல் கடையில் சத்து மாத்திரைகளை வாங்கி அளவுக்கு மீறி உண்பதும் கூடாது. வைட்டமின் ஏ போன்றவை அளவு மிஞ்சினால் தீங்கு செய்யும்.

"இதற்கெல்லாம் காசுக்கு எங்கே போவது?" என்பது முக்கியமான கேள்வி. மேலே சொன்ன எட்டில் மாத்திரையும் சொட்டு மருந்தும் அரசு இலவசமாகத் தருகிறது. பள்ளிச் சத்துணவு 1982 முதல் நடைபெற்று வருகிறது. மீதிக்குத் தேவை பணத்தைவிட நிலத்தில் ஒரு மூலையும், வீட்டில் ஒரு முடிவும்தான். அந்த முடிவு யாருக்கு முதலில் பரிமாறுவது என்பதையும் சேர்த்தது. ஆண்கள் உண்டு, பிள்ளைகள் உண்டு, சட்டியில் மிஞ்சியதைத் தாய் உண்ணும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. முட்டையும் கீரையும் அவளுக்கு வருவதற்குள் தீர்ந்துவிடுகின்றன. வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உண்பது காசு செலவில்லாத நல்ல மருந்து.

உழவர் பெருமக்களே, அடுத்த பட்டத்துக்கு என்ன விதைப்பது என்று கணக்குப் போடும்போது, கிழங்கு என்ன பாயிண்ட் வரும், மக்காச்சோளம் என்ன விலை போகும் என்று பார்ப்பீர்கள். பார்க்கத்தான் வேண்டும். அதோடு வீட்டுப் பெண்களையும் உட்கார வைத்துக்கொண்டு, இந்த ஆண்டு நம் அடுப்புக்கு எது விளையப் போகிறது என்ற கேள்வியையும் கேளுங்கள். இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, வீட்டில் உள்ள பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மண் பரிசோதனை அட்டையோடு அந்தச் சீட்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு சாகுபடியைத் திட்டமிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.